செத்த பேட்டரி சொன்ன சாட்சி

ஷட்டர் தரையைத் தொட்ட சத்தம், யாரோ ஒரு பெரிய இரும்புப் பெட்டியை மூடியது போல இருந்தது. பெட்டிக்குள்ளே மாட்டிக்கொண்டது, ஊரே 'பிரேக்' என்று கூப்பிடும் அவனும் அவனுடைய அண்ணியும்.

அடுத்து இன்னும் இரண்டு சத்தம். வெளிப்பக்கம் இடது மூலையில் ஒரு தாழ்ப்பாள் விழுந்தது. நிதானமாக நாலு எட்டு நடந்துபோய், வலது மூலையில் இன்னொன்று.

"அண்ணி, நாம காரைப் பார்க்க வந்தோம். இப்போ கார் நம்மளைப் பார்த்துக்கிட்டு இருக்கு," என்றான் பிரேக்.

அண்ணி கைக்கடிகாரத்தைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோனாள். "மணி ரெண்டு நாப்பது. நாலு மணிக்கு என் தம்பியை ஜட்ஜ் முன்னாடி நிறுத்திடுவாங்க. நாளைக்கு லீவுக்கு கோர்ட் மூடினா திறக்க ஒரு மாசம். இன்னைக்கு உள்ளே போனான்னா ஒரு மாசம் உள்ளேதான்."

அவள் அதைப் பேருந்து நேரம் சொல்வது போலச் சொன்னாள். அப்படிச் சொன்னால் அவளுக்கு உள்ளே நடுங்குகிறது என்று பிரேக்குக்குத் தெரியும். அவன் அண்ணனைக் கல்யாணம் செய்துகொண்டு அவள் இந்தக் குடும்பத்துக்குள் வந்து இருபத்தைந்து வருஷம் ஆகிறது. அவளுடைய குரல் எவ்வளவு தட்டையாகிறதோ, விஷயம் அவ்வளவு மோசம்.

விஷயம் இதுதான். ஆறு நாளைக்கு முன், விடியற்காலையில், ஏரிக்கரைச் சாலையில் நடக்கப் போன ஒரு கணக்கு டீச்சரைக் கார் ஒன்று இடித்துவிட்டு நிற்காமல் போனது. டீச்சர் பிழைத்துக்கொண்டார், இடுப்பெலும்பு இரண்டு இடத்தில் உடைந்ததோடு. அவருக்கு ஞாபகம் இருந்தது மூன்றே விஷயம்: பழைய கார், கிரீம் கலர், தவளைக்கண் மாதிரி உருண்டை விளக்கு. அந்த மாடல் கார் தயாராவது நின்று முப்பது வருஷம். ஊருக்குள் மிச்சம் இருப்பது இரண்டே இரண்டு. ஒன்று அண்ணியின் தம்பியுடையது. போட்டோகாரன். அன்று விடியற்காலை ஏரியில் பனி எழும்புவதைப் படம் எடுக்கப் போயிருந்தான், தன்னந்தனியாக. பனி சாட்சி சொல்லாது. போதாக்குறைக்கு ரோட்டில் பிரேக் போட்ட தடமே இல்லை. 'வேணும்னே இடிச்சிருக்கான்' என்று இன்ஸ்பெக்டர் எழுதிவிட்டார்.

இன்னொரு கார் இதோ, இந்தக் கீழ்த்தளத்தில். சொந்தக்காரர் பல் டாக்டர். மேலே கிளினிக், அதற்கும் மேலே வீடு. "அது எங்க அப்பா வண்டி. ரெண்டு வருஷமா செத்துக் கிடக்கு. அதுக்குப் பேட்டரியே எங்கேயும் கிடைக்கிறதில்லை," என்று அவர் காலையில் சொன்னார். ஆறடிக்கு மேல் உயரம். கிளினிக் வாசலில் குனிந்துதான் வந்தார். போலீஸும் வந்து சாவியைத் திருகிப் பார்த்தது. விளக்குகூட எரியவில்லை. செத்த கார் யாரையும் இடிக்காது என்று போய்விட்டது.

மதியம் இவர்கள் திரும்ப வந்தபோது, கிளினிக் முன்மேசையில் உட்காரும் டாக்டரின் அக்காதான் சாவியோடு கீழே அழைத்து வந்தாள். முகத்தில் பாதியை மறைக்கும் கிளினிக் மாஸ்க், பிரேக்கின் தோளுக்குக் கீழே நிற்கும் உயரம், நல்ல மனுஷி. "நீங்களே போட்டுப் பாருங்க சார்," என்று சாவியை நீட்டினாள். பிரேக் கதவைத் திறந்து, வெளியே நின்றபடியே குனிந்து சாவியைத் திருகினான். சவம். அண்ணி பானெட்டைத் திறக்கச் சொன்னாள். ஒரு நிமிஷம் உள்ளே பார்த்துவிட்டு, "இந்தப் பேட்டரி இந்த வண்டியோடது இல்லை," என்றாள்.

அப்போது கரண்ட் போனது. இந்தப் பக்கமெல்லாம் தினமும் இரண்டரைக்கு மேல் போய்விடுமாம். "இருங்க, டார்ச் எடுத்துட்டு வர்றேன்," என்று அக்கா சாய்தளத்தில் ஏறிப் போனாள். ஷட்டர் இறங்கியது.

அவ்வளவுதான் கதை. இப்போது சுவரின் உச்சியில் ஒரு காற்றுத் துளை வழியாக, ஒரு ஸ்கேல் அகலத்துக்கு வெளிச்சம். பிரேக்கின் மொபைலில் டார்ச் உண்டு, டவர் இல்லை. அண்ணியின் மொபைல் அவள் கைப்பையில், கைப்பை மேலே முன்மேசையில்.

"அம்மா! அக்கா!" பிரேக் ஷட்டரைத் தட்டினான்.

வெளியே காலடி ஓடி வந்தது. "ஐயோ சார், என்ன ஆச்சு? தம்பி மேலேயிருந்து ரிமோட்டை அமுக்கிட்டானா?" மூச்சு வாங்கியது அக்காவுக்கு. "தாழ்ப்பாள்ல பூட்டு வேற தொங்குது. சாவி அவன்கிட்டதான். பேஷண்ட் வாயில கையை வச்சிருப்பான், நான் போய்க் கேக்கறேன். பயப்படாதீங்க."

காலடி போய்விட்டது.

"பார்த்தீங்களா அண்ணி, டாக்டர் வேலைதான். பல்லைப் பிடுங்குற மாதிரியே சத்தமில்லாம நம்மளைப் பிடுங்கி உள்ளே போட்டுட்டாரு."

"கொழுந்தனாரே, வாய் பேசட்டும், கை சும்மா இருக்க வேண்டாம். டார்ச்சை இங்கே பிடிங்க."

அண்ணி இருபத்திரண்டு வருஷம் ரயில் நிலையத்தில் தொலைந்த பொருள் அலுவலகத்தை நடத்தியவள். ஒற்றைச் செருப்பைப் பார்த்து உரியவனின் நடையைச் சொல்வாள். ஓய்வு பெற்ற பிறகு வீட்டு முன்னறையில் துப்பறியும் அலுவலகம் திறந்தது, அவளைப் பொறுத்தவரை வேலையே மாறாதது போலத்தான். எந்தப் பொருள் தன் இடத்தில் இல்லை என்பதைத்தான் அன்றும் பார்த்தாள், இன்றும் பார்க்கிறாள்.

பிரேக்கின் கதை வேறு. இருபது வருஷம் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். பழகுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கின் மேலேயே காலை வைத்திருந்து, அவர்கள் யோசிப்பதற்கு முன் தானே அமுக்கிவிடுவான். அதனால் வந்த பெயர். இருபது வருஷத்தில் ஒரு கோழிக்குஞ்சுகூட அடிபடவில்லை என்பது அவன் வாழ்க்கையின் ஒரே பெருமை. ஸ்கூல் மூடிய பிறகு அண்ணியிடம் வந்து சேர்ந்தான்.

"சொல்லுங்க," என்றாள் அண்ணி, பானெட்டுக்குள் விரலை நீட்டி. "நீங்க வண்டி ஆளு. என்ன தப்பா இருக்கு?"

பிரேக் குனிந்தான். பார்த்தான். இளித்துக்கொண்டிருந்த வாய் மெல்ல மூடியது.

"அட, பேட்டரியே தப்பு. இந்த வண்டிக்கு ஒல்லியா, சின்னதா ஒண்ணு வரும். முனை ரெண்டும் சுண்டுவிரல் கனம்தான் இருக்கும். பிளஸ் இடது பக்கம். இது குண்டு. முனையும் குண்டு. பிளஸ் வலது பக்கம். தட்டுல உக்காரவே இல்லை, விளிம்பு மேல ஏறி நிக்குது. பிடிச்சு நிறுத்துற கம்பியைக் கழட்டி ஓரமா வச்சிருக்காங்க. அண்ணனோட சட்டையை நான் போட்ட மாதிரி இருக்கு."

"சிவப்பு ஒயர் எங்கே போகுது?"

"பிளஸ்ஸுக்கு…" அவன் நிறுத்தினான். டார்ச்சை இன்னும் கிட்டே கொண்டுபோனான். "இல்லை. சிவப்பு ஒயர் குட்டை. வலது பக்கம் எட்டாது. அதனால கிட்ட இருக்கிற மைனஸ்ல மாட்டி வச்சிருக்காங்க. கறுப்பைக் கொண்டுபோய் பிளஸ்ல. அண்ணி, இந்த பேட்டரில கொஞ்சம் உயிர் இருந்திருந்தாலே பொறி பறந்திருக்கும். ஒயரெல்லாம் கருகிப் போயிருக்கும்."

"கருகியிருக்கா?"

"புதுசு மாதிரி இருக்கு."

"அப்போ?"

பிரேக் நிமிர்ந்தான். "இது இங்கே சாகலை. செத்த பிறகு கொண்டுவந்து வச்சிருக்காங்க."

"பிணம் இடம் மாறியிருக்கு," என்றாள் அண்ணி. அவள் முகத்தில் ஆறு நாளில் முதல்முறையாக ஒரு வெளிச்சம். "போலீஸ் பிணத்தைப் பார்த்துச்சு. இது யார் வீட்டுப் பிணம்னு கேக்கலை. போலீஸ் வர்றதுக்குள்ள ஏதாவது ஒண்ணை வச்சாப் போதும்னு நினைச்ச ஒரு ஆள், வண்டியோட சொந்தப் பேட்டரியைக் கழட்டிட்டு, எங்கேயோ கிடந்த செத்த பேட்டரியை உள்ளே வச்சிருக்கு. அப்போ இந்த வண்டி ஓடிக்கிட்டு இருந்திருக்கு."

"அதைச் சொல்ல வெளியே போகணுமே."

"அதைவிட முதல்ல, சொந்தப் பேட்டரி எங்கேன்னு தெரியணும். நாம வெறும் வாயால சொன்னா இன்ஸ்பெக்டர் கேக்கமாட்டாரு. செத்த வண்டி அவர் முன்னாடி உறுமணும்."

தேடினார்கள். பழைய டயர் நான்கு, காலியான வண்ண டப்பாக்கள், கால் ஒடிந்த ஒரு பல் நாற்காலி. நாற்காலியைப் பார்த்ததும் பிரேக்கின் கடைவாய் தானாக வலித்தது. பேட்டரி கடைக்காரர்கள் பழசைக் கொடுத்தால்தான் புதுசைக் குறைத்துத் தருவார்கள். அதனால் யார் வீட்டிலும் உபரியாகப் பேட்டரி கிடப்பதில்லை. இங்கேயும் இல்லை. சுவர் நான்கும் ஒவ்வொரு சுற்றிலும் ஓரடி உள்ளே நகர்ந்து வந்தது போலிருந்தது அவனுக்கு. மூடிய இடம் அவனுக்கு ஆகாது. இருபது வருஷம் அவன் உட்கார்ந்திருந்ததும் ஒரு பெட்டிக்குள்தான், ஆனால் அதற்கு நான்கு கண்ணாடியும் ஒரு பிரேக்கும் இருந்தன.

"இந்த பட்டனை அமுக்கினா திறக்காதா?" ஷட்டர் அருகே சுவரில் இருந்த பட்டனை, கேட்டுக்கொண்டே அமுக்கினான். தலைக்கு மேல் மோட்டார் உறுமியது. ஷட்டர் ஒரு விரல் எழும்பி, தாழ்ப்பாளில் இடித்து, நடுங்கி நின்றது. "தாழ்ப்பாள் விடமாட்டேங்குது. சரி, விடுங்க."

"இன்னொரு தரம் அமுக்குங்க."

"திறக்காது அண்ணி."

"திறக்க வேண்டாம். அமுக்குங்க."

மோட்டார் மறுபடி உறுமியது.

"கரண்ட் போயிருக்கு," என்றாள் அண்ணி மெதுவாக. "எதைத் தின்னுட்டு இது உறுமுது?"

பிரேக்கின் டார்ச் தானாகவே சுவரில் ஏறியது. பட்டனுக்குப் பக்கத்தில் ஒரு காகிதம், ஓரம் சுருண்டு, ஒட்டியிருந்தது. டாக்டரின் கோழிக்கிறுக்கல். 'கரண்ட் இல்லாதபோது ஷட்டர் வேலை செய்யாது. பேட்டரி போய்விட்டது. மாற்ற வேண்டும்.' கீழே தேதி. இரண்டு வருஷத்துக்கு முந்தியது.

காகிதத்துக்கு மேலே, ஆள் உயரத்தில், ஒரு தகரப் பெட்டி.

மூடியைத் திறந்ததும் பிரேக்குக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே ஒல்லியாக, சின்னதாக, பிளஸ் இடது பக்கமாக, வீட்டுப் பிள்ளை போல உட்கார்ந்திருந்தது அது. முனைகள் சுண்டுவிரல் கனம். ஷட்டரின் குண்டுக் கவ்விகள் அதில் லொடலொடவென்று ஆடாமல் இருக்க, மாத்திரை அட்டையின் வெள்ளித்தாளை மடித்து மடித்துச் செருகியிருந்தார்கள். மேலே கடை ஸ்டிக்கர். வாங்கிய மாதத்தைக் காட்ட, போன மாதத்துக்கு நேராக ஓட்டை போட்டிருந்தது.

"ஷட்டரோட செத்த பேட்டரி காருக்கு. காரோட நல்ல பேட்டரி ஷட்டருக்கு. ஆள் மாறாட்டம்!" என்றான். "நம்மளை உள்ளே வச்சுப் பூட்டினதே நாம தேடி வந்த பேட்டரிதான் அண்ணி. மாத்திரை அட்டை வேற. டாக்டர் கையெழுத்துப் போடாததுதான் பாக்கி."

"ஊர்ல மாத்திரை சாப்பிடறவங்க எல்லாம் டாக்டர் இல்லை," என்றாள் அண்ணி. "கழட்டுங்க. மணி மூணு."

டிக்கியில் பழைய டூல்ஸ் பை இருந்தது. பத்தாம் நம்பர் ஸ்பேனர் கைக்கு வந்தது. டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு பிரேக் குண்டுப் பேட்டரியைத் தூக்கி வெளியே வைத்தான். தட்டின் தூசியில், கீழே, ஒல்லியான ஒரு சதுரம் தெளிவாகத் தெரிந்தது. புதுப் பேட்டரி அதன் மேல் ஒரு மயிரிழை பிசகாமல் அமர்ந்தது. பிடிக்கும் கம்பி தானாகப் போய் மாட்டிக்கொண்டது. சிவப்பு ஒயர் பிளஸ்ஸுக்கு எட்டியது. இழுக்க வேண்டியிருக்கவில்லை.

"பார்க்கவே கண் நிறையுது," என்றான். "எங்க கல்யாணத்துல எங்க அம்மா இப்படித்தான் அழுதாங்க."

"ஓட்டி வெளியே போயிடலாமா?"

"ஷட்டரைத் தள்ளிக்கிட்டா? முன்பக்கத்தைச் சுவர்ப் பக்கம் வச்சு நிறுத்தியிருக்கு. ரிவர்ஸ்ல போகணும். இது மெல்லிசுத் தகடு, நடுவுல வச்சு அழுத்தினா ஓரத்துல அது ஏறி இறங்குற காடியை விட்டு வெளியே வந்துடும். ஆனா வண்டி பின்பக்கம் நாசமாகும்."

"ஆகட்டும். டீச்சரை இடிச்ச முன்பக்கம்தான் சாட்சி, அதுல ஒரு கீறல் படக்கூடாது. பின்பக்கத்தை நான் பார்த்துக்கறேன்."

வெளியே மறுபடி காலடி. "சார்! தம்பி போனை எடுக்கமாட்டேங்கறான். ஒரு பேஷண்ட்டுக்கு வேர் எடுக்கிறான் போல. கொஞ்சம் பொறுங்க சார், ஒரு மணி நேரத்துல வந்துடுவான்."

"சரிம்மா," என்றான் பிரேக், அன்போடு. அண்ணியிடம் கிசுகிசுத்தான்: "பாவம், அந்த அக்காவுக்குத் தம்பியோட லட்சணம் தெரியலை."

அண்ணி முன்சீட்டில், டிரைவருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். பிரேக் டிரைவர் பக்கக் கதவைத் திறந்து உள்ளே நுழைந்தான். நுழைய முயன்றான். ஸ்டீயரிங் வயிற்றில் குத்தியது. முழங்கால் இரண்டும் டாஷ்போர்டில் இடித்து, அவன் ஒரு பொட்டலம் போல மடிந்து மாட்டிக்கொண்டான்.

"என்ன?"

"சீட்டு கடைசி வரைக்கும் முன்னாடி இழுத்திருக்கு. அடியில வேற ஒரு குஷன்…"

நிமிர்ந்து நடுக்கண்ணாடியைப் பார்த்தான். பின்னால் இருக்கும் ஷட்டர் தெரிய வேண்டிய இடத்தில் அவனுடைய சட்டைப் பொத்தான் தெரிந்தது. டாக்டர் மாதிரி ஆறடி மனிதனுக்கு இந்தக் கண்ணாடியில் தன் தொப்புள்தான் தெரியும்.

பிறகு முன் கண்ணாடியைப் பார்த்தான்.

அண்ணி காத்திருந்தாள். ஒரு ஜோக் வர வேண்டிய இடம் அது. வரவில்லை.

"என்ன, தீர்ந்துபோச்சா?"

"அண்ணி," என்றான். "அங்கே, கண்ணாடியில. கீழே. ஒரு சிவப்புப் புள்ளி. நகச்சாயத்துல வச்சது."

"ஆமா. ஏதோ கறை."

"கறை இல்லை. அந்தப் புள்ளி வழியா ரோட்டோரத்தைப் பார்த்தா இடது சக்கரம் எங்கே போகுதுன்னு தெரியும். உயரம் குறைஞ்சவங்களுக்கு நான்தான் வச்சுக் கொடுப்பேன். குஷன் கொண்டு வரச் சொல்றதும் நான்தான். இந்த ஊர்ல வேற எந்த மாஸ்டரும் இதைச் செய்யறதில்லை." அவன் புள்ளியை விரலால் தொட்டான். "இதை ஓட்டினது என்கிட்ட பழகின ஆளு. உயரம் என் தோளுக்குக் கீழே."

இருவரும் ஒரே நேரத்தில் தலையைத் திருப்பி ஷட்டரைப் பார்த்தார்கள். அதற்கு அந்தப் பக்கம் நல்ல மனுஷி ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். டார்ச் எடுக்கப் போனவள். டார்ச் கொண்டுவராதவள்.

"தாழ்ப்பாள் போட்டுட்டு நிதானமா அந்தப் பக்கம் நடந்தது ஒருத்தரோட காலடிதான்," என்றாள் அண்ணி. "மேலேயிருந்து ரிமோட்டை அமுக்கறவர் எப்படிக் கீழே தாழ்ப்பாள் போடுவார்? எனக்கே இப்போதான் உறைக்குது. அவங்க முகத்தை மாஸ்க் மறைச்சுது, சரி. அவங்களுக்கு உங்களைத் தெரிஞ்சிருக்கு."

"எண்ணூறு பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கேன் அண்ணி. எனக்கு முகம் ஞாபகம் இருக்காது. எல்லாரும் முன்னாடி பார்த்துக்கிட்டு இருப்பாங்க, நான் ரோட்டைப் பார்த்துக்கிட்டு இருப்பேன்."

அவன் குஷனை எடுத்துப் பின்னால் போட்டான். சீட்டைத் தள்ளினான். கண்ணாடியைத் திருப்பினான். சாவியைத் திருகினான். இரண்டு வருஷமாகச் செத்துக் கிடந்ததாகச் சொன்ன கார், முதல் திருகலிலேயே, தூக்கத்தில் கூப்பிட்டதும் எழுந்து உட்காரும் குழந்தை போல உயிர் பெற்றது. மூடிய அறை முழுக்கப் புகை எழுந்தது. நின்று யோசிக்க நேரமில்லை.

ரிவர்ஸ் போவதற்கு முன் மூன்று தரம் ஹார்ன். எண்ணூறு பேருக்கும் அவன் சொன்ன பாடம். அடித்தான். "விலகி நில்லுங்கம்மா!" என்று கத்தினான். கிளட்சை விட்டான்.

பின்பக்கம் தகட்டில் சாய்ந்தது. வண்டி முக்கியது. ஷட்டர் வயிறு போல வெளியே உப்பியது, கிறீச்சிட்டது, உப்பியது. பிரேக்கின் வலது கால் பழக்கதோஷத்தில் பக்கத்து பிரேக் பெடலுக்குப் பாய்ந்தது.

"காலை எடுங்க!" என்றாள் அண்ணி.

எடுத்தான். இடது பக்கம் காடியிலிருந்து தகடுகள் சீட்டுக்கட்டு சரிவது போல வரிசையாகக் கழன்றன. வெளிச்சம் வண்டிக்குள் கொட்டியது. பின்கண்ணாடி நொறுங்கியது. கார் தகரத்தை முதுகில் சுமந்துகொண்டு சாய்தளத்தில் பின்னோக்கி ஏறியது. நடுக்கண்ணாடியில் வானம், மதில், ஒரு குழாய்.

அப்புறம் அவள்.

சாய்தளத்தின் நட்டநடுவில் நின்றிருந்தாள். ஓடவில்லை. கை இரண்டையும் முன்னால் நீட்டியபடி, ஏதோ தானாகவே நின்றுவிடும் என்று காத்திருக்கிறவள் போல நின்றிருந்தாள்.

பிரேக் அமுக்கினான்.

ஒரு முழம். அவ்வளவுதான் இருந்தது வண்டிக்கும் அவளுக்கும்.

மேலே கிளினிக் கதவு படாரென்று திறந்தது. கையில் உறையோடு, நெற்றியில் விளக்கோடு டாக்டர் ஓடி வந்தார். ஷட்டரைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்க்கவில்லை. காரைத்தான் பார்த்தார். "இது… ஓடுதா?" என்றார். நடிக்கத் தெரிந்த மனிதன் கேட்கும் கேள்வி இல்லை அது.

அண்ணி இறங்கினாள். "டாக்டர், உங்க மொபைலைக் கொடுங்க. இன்ஸ்பெக்டரைக் கூப்பிடணும்."

அக்கா மாஸ்க்கைக் கழற்றினாள். அம்பத்தைந்து வயதிருக்கும். டிரைவர் பக்கம் வந்து நின்று, அண்ணியை விட்டுவிட்டு, தம்பியை விட்டுவிட்டு, பிரேக்கிடம்தான் பேசினாள்.

"சாயங்காலம் நாலு மணி பேட்ச் சார். ஒன்பது வருஷம் ஆச்சு. உங்களுக்கு ஞாபகம் இருக்காது."

அவனுக்கு ஞாபகம் இல்லை.

"தம்பி ஓட்ட விடமாட்டான். எங்க அப்பா வண்டி, ஒரு தரமாவது நானே ஓட்டணும்னு ஆசை. பேட்டரிக்காக மூணு மாசம் கடை கடையா ஏறி இறங்கினேன். எல்லாரும் 'இந்த அளவு இப்போ வர்றதில்லைம்மா'ன்னாங்க. ஒரு கடையில பழைய பேட்டரியோட அளவை நூல்ல எடுத்துட்டு வரச் சொன்னாங்க. எடுத்துட்டுப் போய் வரவழைச்சேன். கடைப் பையன்தான் வந்து மாட்டிட்டுப் பழசை எடுத்துட்டுப் போனான். விடியக்காலையில ரோடு காலியா இருக்கும், யாருக்கும் தெரியாமப் பழகலாம்னு நினைச்சேன். நாலாவது நாள் அந்த டீச்சர் குறுக்கே வந்தாங்க."

"பார்த்தீங்களா?"

"நல்லாப் பார்த்தேன் சார். நூறடி தூரத்துலயே பார்த்தேன்."

"அப்போ ஏம்மா பிரேக் போடலை?" அவனுக்கே கேட்கவில்லை அவன் குரல்.

அவள் அழவில்லை. ஆறு நாளாக யாராவது இதைக் கேட்பார்களா என்று காத்திருந்தவள் போல, வார்த்தை வார்த்தையாகச் சொன்னாள்.

"இருபது கிளாஸ் சார். இருபதுலயும் நான் காலைத் தூக்கறதுக்குள்ள வண்டி நின்னுடும். நான்தான் நிறுத்தறேன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். அன்னைக்கும் நின்னுடும்னு இருந்தேன்."

அண்ணி போனில் பேசிக்கொண்டிருந்தாள். இன்ஸ்பெக்டர் கோர்ட் வாசலில்தான் இருந்தார், அவள் தம்பியோடு. "உள்ளே கூட்டிட்டுப் போகாதீங்க. பத்து நிமிஷத்துல இங்கே வாங்க, அவனையும் கூட்டிட்டு. செத்த கார் ஓடிக்கிட்டு இருக்கு, சத்தம் கேக்குதா? ஆமா, ஓட்டினவங்க இங்கேயே இருக்காங்க. இல்லை, வேணும்னு இடிக்கலை. தடம் ஏன் இல்லைன்னும் சொல்றேன்." அவள் குரல் இப்போது தட்டையாக இல்லை. உடைந்து, ஏறி, இறங்கி, ஒரு அக்காவின் குரலாக இருந்தது. மணி மூன்று இருபத்தைந்து.

டாக்டர் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு மதிலோரமாக உட்கார்ந்துவிட்டார். நெற்றி விளக்கை அணைக்க மறந்திருந்தார்.

கார் சாய்தளத்தில், பாதி மேலே பாதி கீழே, நடுங்கிக்கொண்டு நின்றது. பிரேக் இறங்கவில்லை. பெடலில் கால் அப்படியே இருந்தது. கெண்டைக்கால் இறுகி, முழங்கால் வரை வலி ஏறியது.

அக்காதான் கவனித்தாள். எட்டிப் பார்த்து, தயங்கி, "சார், எஞ்சினை நிறுத்திக் கியர்ல விட்டுட்டு ஹேண்ட் பிரேக்கை இழுத்தா உருளாது. காலை எடுத்துடலாம்," என்றாள். "நீங்க சொல்லிக் கொடுத்ததுதான்."

அவனுக்குத் தெரியும். எண்ணூறு பேருக்குச் சொன்னது.

தெருமுனையில் ஜீப்பின் சத்தம் கேட்டது. கால் எழவில்லை.